ராஜா வீட்டு அலமாரிக்கு வயதேறிய கதை

முன்னொரு காலத்தில், வீட்டுச் சாமானின் வயதைச் சொல்லிக் குலப்பெருமை பேசுகிற ராஜாக்கள் வாழ்ந்த நாளில், மகிழ்மாறன் என்றொரு ராஜா இருந்தார். அவருடைய ராஜ்யம் அவர் அப்பா காலத்தில்தான் உண்டானது. அந்த உறுத்தல் அவருக்கு எப்போதும் உண்டு.

ஒருமுறை ராணியின் அண்ணன், பக்கத்து நாட்டு ராஜா பூவரசர், அவரை விருந்துக்கு அழைத்தார். சாப்பாடு முடிந்ததும் சமையற்கட்டுக்கே கூட்டிப்போய் ஒரு மர அலமாரியைக் காட்டினார். கன்னங்கரேலென்று, தேய்ந்த விளிம்போடு நின்றது அது.

"எங்கள் கொள்ளுத்தாத்தா செய்துவைத்தது, மாப்பிள்ளை. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது உண்டா? அடடா, மறந்தே போனேன். உங்கள் ராஜ்யமே இதைவிட வயதில் சின்னதாயிற்றே!"

ஊர் திரும்பிய ராஜா நேரே சபைக்கு வந்து உட்கார்ந்தார். அரண்மனைச் சமையற்கட்டிலோ அப்போதுதான் செய்து வைத்த தேக்கு அலமாரிகள். இழைத்த வாசனைகூடப் போகவில்லை.

"மாசியில் மைத்துனர் இங்கே விருந்துக்கு வருகிறார். அதற்குள் என் அலமாரிகள் நூறு வயதுக் கிழடாகத் தெரிய வேண்டும். யாரால் முடியும்?"

ராஜாவின் மந்திரி, தானாதிபதி வில்லவராயர் எழுந்தார். விகடகவி ஆவுடையப்பனுக்குச் சபையில் கிடைக்கும் சிரிப்பு ஒவ்வொன்றும் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, தன்னால் ஆகாத காரியமே இல்லையென்று ஆவுடையப்பன் அடிக்கடி சொல்வதுண்டு. அவனிடமே ஒப்படைக்கலாம். ஆனால் சாயம் பூசக் கூடாது, உளி படக் கூடாது, தீயில் வாட்டக் கூடாது. கள்ளவேலை வெளிப்பட்டால் அவமானம் மகாராஜாவுக்கு அல்லவா?"

"சரியாகச் சொன்னீர். ஆவுடையப்பா, மைத்துனர் சிரித்தால் நீ தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

"உத்தரவு, மகாராஜா. அலமாரிகளை என் இஷ்டப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும். இன்னொன்று... தங்கள் தோளில் என்ன, கறுப்பாக?"

ராஜா தன் வெள்ளைப் பட்டு அங்கவஸ்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அந்த அலமாரியில் சாய்ந்து நின்றேன். பேச்சை மாற்றாதே."

"மாற்றவில்லை. அந்த வஸ்திரத்தை எனக்குக் கொடுங்கள். பழமையின் நிறம் எது என்று பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா அதைச் சுருட்டி அவன் மேலேயே எறிந்தார்.

ஆவுடையப்பன் அலமாரிகளை வண்டியில் ஏற்றினான். வண்டி போய் நின்ற இடம் பெருவழியோரத்து அன்னசத்திரம். அங்கே அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை. பொங்கிப் போடுகிறவள் வடிவாச்சி.

"ராஜா வீட்டு அலமாரியா? தொடாதே, துடைக்காதேன்னு சட்டம் போடறதா இருந்தா இப்பவே திருப்பிக்கிட்டுப் போயிரு. எனக்கு வேலை கிடக்கு."

"தொடணும் தாயி. தொடத்தான் கொண்டுவந்திருக்கேன். மஞ்சக் கையோட தொறங்க, எண்ணெய்க் கையோட சாத்துங்க. புளிப்பானையை இதுலயே வையுங்க."

"கரண்டி பட்டா?"

"படட்டும்."

"இடுப்பால இடிச்சுத்தான் எனக்குச் சாத்தத் தெரியும்."

"அதுக்கென்ன, நல்லா இடிங்க!"

அரண்மனையில் அலமாரியை ஒருவன் பூட்டுவான், ஒருவன் திறப்பான், இன்னொருவன் பட்டால் துடைப்பான். சத்திரத்திலோ பந்தி முடிவதற்குள் எத்தனை கை பட்டதென்று யாருக்குத் தெரியும்? அடுப்புப் புகை மரத்தில் படிந்து, துடைக்கத் துடைக்க உள்ளே ஊறியது. இரும்புத் தாழ்ப்பாளில் புளிக்கை பட்டுப் பட்டு, சுற்றியிருந்த மரம் கறுத்தது. கை பிடிக்கும் இடம் வழுவழுத்தது. கால் இடறும் இடம் தேய்ந்தது. வடிவாச்சியின் இடுப்பு பட்ட கதவுக்கோ தனி மினுமினுப்பு.

மாசி பிறந்தது. அலமாரிகள் அரண்மனைக்குத் திரும்பின. ராஜாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

பூவரசர் வந்தார். சமையற்கட்டில் நுழைந்ததும் நேரே அலமாரியிடம் போனார். விளிம்பைத் தடவினார், தாழ்ப்பாளைத் தூக்கிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார்.

"பலே மாப்பிள்ளை! இத்தனை காலம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டு வாயெடுப்பதற்குள் வில்லவராயர் குறுக்கே பாய்ந்தார்.

"மன்னிக்க வேண்டும் பிரபு! இது போன ஆடியில் செய்த அலமாரி. எங்கள் மகாராஜாவையும் தங்களையும் சேர்த்து ஏமாற்ற இந்த விகடகவி செய்த மோசடி!"

பூவரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடியிலா! நினைத்தேன் மாப்பிள்ளை, நினைத்தேன்!"

ராஜாவின் முகம் சிவந்தது. ஆவுடையப்பன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"தானாதிபதி சொன்னது அத்தனையும் உண்மை. அலமாரி புதிது. நான் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை."

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அலமாரியின் மேலும் கீழும் அழுத்தித் துடைத்தான். விரித்துக் காட்டினான். துணி வெள்ளையாகவே இருந்தது. பிறகு மடியிலிருந்து அந்தப் பழைய அங்கவஸ்திரத்தை எடுத்து உதறினான். தோள்பட்டையில் கை அகலத்துக்குக் கரி.

"எங்கள் மகாராஜா ஓர் அலமாரியில் சாய்ந்தபோது ஒட்டியது இது. யார் வீட்டு அலமாரி என்று அடியேன் சொல்லமாட்டேன். நூறு வருஷத்துக் கறுப்பு, சாய்ந்தவர் தோளில் ஒட்டுமா என்று மட்டும் கேட்கிறேன்."

முதலில் சிரித்தவள் பக்கத்தில் நின்ற ராணிதான்.

"அண்ணா! விளக்குக்கரியைக் குழைச்சுப் பூசினியா?"

"என்ன பண்ணச் சொல்றே தங்கச்சி? கொள்ளுத்தாத்தா அலமாரியைக் கரையான் தின்னுட்டுது. புதுசு செஞ்ச தச்சன், பூச்சு காஞ்சிரும்னான். காயலை!"

மகிழ்மாறன் சிரித்த சிரிப்பில் உறியில் தொங்கிய பானைகள் ஆடின. பூவரசரும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார். ராஜா தன் கையிலிருந்த பொன்காப்பைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் பூட்டி, தலைப்பாகையைத் தானே அவன் தலையில் வைத்தார்.

பூவரசர் அவனை ஓரமாக இழுத்தார். "எங்கள் அலமாரிக்கும் இதுபோல் செய்ய முடியுமா?"

"தாராளமாக, பிரபு. தங்கள் நாட்டில் சத்திரம் எங்கே இருக்கிறது?"

"சத்திரமா? இல்லையே."

"அப்படியானால் முதலில் அதைக் கட்டுங்கள்."

அதற்குள் வாசலில் சத்தம். வடிவாச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். "மகராசா, அலமாரி எப்பத் திரும்பும்? எம் புளிப்பானை தரையில கிடக்கு!"

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "இப்போதே அனுப்புகிறேன். இனி அது உன்னுடையது. தானாதிபதி கூடவே வருவார். அலமாரி நூறு வயதாகும்வரை பந்தி பரிமாறுவது அவர் பொறுப்பு."

வில்லவராயர் திருதிருவென்று விழித்தார். வடிவாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பட்டு அங்கவஸ்திரத்தை வீட்டுலேயே வச்சிட்டு வாங்க, சாமி. என் அடுப்புக்கரி நிசக்கரி, ஒட்டினாப் போகாது."