பத்தாயிரத்து ஏழு குருவிகள்

பறவைகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பனி பிறந்ததும் சோளக்குருவிகள் தெற்கே ஒரு கரிசல் காட்டில் வந்து இறங்கும். அந்த வானம் ஒரு வல்லூறின் ஆட்சியில் இருந்தது. அதற்கும் குருவிகளுக்கும் ஓர் ஒப்பந்தம். குருவிகள் சமமான கூட்டங்களாகப் பிரிந்து பறந்தால் வல்லூறு தொடாது. கூட்டத்தில் சேராமல் மிஞ்சுகிறவரும் தனியே பறக்கிறவரும் அதற்கு இரை.

கூட்டம் பிரிப்பது செம்பியின் வேலை. அவள் கையில் எந்த வருடமும் யாரும் மிஞ்சியதில்லை. அந்த வருடம் எண்ணினாள்: பத்தாயிரத்து ஏழு.

இரண்டாகப் பிரித்தாள், ஒருவர் மிஞ்சினார். மூன்றாகப் பிரித்தால் இருவர். ஏழாகப் பிரித்தால் நால்வர். பதிமூன்றுக்குப் பத்துப் பேர்!

"நூறு கூட்டம்வரை பார்த்துவிட்டேன்," என்றாள் தலைவர் கொண்டையனிடம். "அதற்கு மேல் போனால் கூட்டத்துக்கு நூறு பேர்கூட வராது. நூறுக்குள் இருக்கிற எந்த எண்ணும் இதில் மிச்சமில்லாமல் அடங்காது என்றுதான் பார்த்தாயிற்றே. இது பிரியாத எண், பெரியவரே."

கொண்டையன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு பேரை விட்டுக்கொடுத்தால் பத்தாயிரம். அது எப்படியும் பிரியும். பறக்கத் திணறுகிறவர்களாகப் பார்த்து ஒதுக்கு, தாயே. எனக்கும் வயிறு எரிகிறது."

அந்த ஏழில் ஒருத்தி செம்பியின் தங்கை பூவாள். இறக்கை வளைந்தவள்.

"தப்பாக எண்ணிவிடவில்லையே, அக்கா?"

"மூன்று தடவை எண்ணினேன்டி."

"அப்படியென்றால் சரி," என்று பூவாள் நகர்ந்து நின்றாள்.

செம்பி தங்கையின் வளைந்த இறக்கையைப் பார்த்தாள். தங்கையைக் கழித்து வரும் எண் எதற்கு? பிரிய மாட்டேன் என்கிற எண்ணை ஏன் பிரிக்க வேண்டும்? தனியே பறந்தால் இரையாகிவிடுவாள் என்பதால், வல்லூறு இருந்த மரத்தடிக்குத் தரையில் தத்தித் தத்தியே போனாள்.

"ஐயா, இந்த வருடம் நாங்கள் ஒரே கூட்டம்."

"ஒன்றா? சமமான கூட்டங்கள் என்றுதானே பேச்சு?"

"ஒன்று தனக்குச் சமம்தானே? மிஞ்சியவர் யார், காட்டுங்கள்."

வல்லூறு யோசித்தது. பிறகு சிரித்தது. "இத்தனை பேரும் ஒன்றாகத் திரும்புவீர்களா? விலகுகிறவர் எனக்கு."

பத்தாயிரத்து ஏழு பேரும் எழுந்தார்கள். பூவாள் நடுவில். பக்கத்தில் இருப்பவர் சாய்ந்தால் தானும் சாய்ந்து, திரும்பினால் தானும் திரும்பி, எல்லோரும் அவள் வேகத்துக்கே பறந்தார்கள். வல்லூறு சுற்றிச் சுற்றி வந்தது. பாய்வதற்கு ஒரு தனிக்குருவி கிடைக்கவில்லை. இறக்கை ஓய்ந்து, வந்த வழியே போய்விட்டது.

பொழுது சாயும் வேளையில் சோளக்குருவிகள் ஒரே மேகமாக வளைந்து நெளிந்து, ஒருவரையும் விடாமல் பறக்கின்றனவே, அது அன்று முதல் வந்த பழக்கம்தான்.