பெரிய சுவாமியின் டிஸ்க்கும் ஆயிரம் மெகாபிட் லைனும்

“அநியாயம்மா இது,” என்றார் மதுரநாயகம்.

தவமணி அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எது?”

“அந்தப் பெட்டி.”

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குத் தவமணி அம்மாதான் தலைவர். மதுரநாயகம் அவருடைய சீடர், ஆனால் வயதில் மூத்தவர். சென்னையில் நெட்வொர்க் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைத் துறந்தார், ஊரைத் துறந்தார். வேகத்தைத் துறக்க மட்டும் மனசு வரவில்லை. ஒற்றைக்காலில் நின்று, கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டி, மடத்துக்கு ஃபைபர் லைன் வாங்கி வந்தவரும் அவரே.

பெட்டி என்று அவர் சொன்னது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை. மறைந்த பெரிய சுவாமியின் பேச்சுகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

அன்று காலை ஈப்போவிலிருந்து போன் வந்திருந்தது. கல்யாணமாகி மலேசியா போகும்வரை பெரிய சுவாமியிடம் பாடம் கேட்டவர் குணவதி அக்கா. இப்போது படுத்த படுக்கை. சுவாமியின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாராம். இன்று ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

“நம்ம லைன்ல வினாடிக்கு ஆயிரம் மெகாபிட் போகும்மா. இந்தப் பெட்டி பன்னிரண்டு தருது. அதையும் முழுசாத் தர்றதில்ல.”

“வேற ஒயர் மாட்டிப் பார்த்தீங்களா, சார்?”

“மாட்டாம இருப்பேனா? புதுசா எதுல மாட்டினாலும் அசைய மாட்டேங்குது. அந்தக் காலத்து ஒயரும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரும்தான் வேணுமாம் துரைக்கு.”

“எல்லாப் பேச்சும் கம்ப்யூட்டருக்கு வந்து சேர எப்ப ஆகும்?”

“நாளைக்குச் சாயங்காலம்.”

சொல்லும்போதே அவருக்கு ஆறவில்லை. ஒரு மனுஷி அங்கே மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறாள். இது இங்கே ஆடி அசைந்து வருகிறது. இதற்காகவா அந்த லைனுக்கு அப்படி நாயாய் அலைந்தோம்?

“இதுவரைக்கும் வந்ததை அனுப்பிடுங்களேன்.”

“பாதி மூட்டையையா?”

அம்மா ஏதோ தகாததைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம். எல்லாப் பேச்சையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை என்று சரிபார்க்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். சர்வீஸ் முழுக்க அப்படித்தான் செய்தார். அரைகுறையாக எதையும் அனுப்பியதே இல்லை.

“பாதி மூட்டை திறக்கவே திறக்காதும்மா.”

அம்மா ஒரு பூவின் நரம்பை உருவிப் போட்டார்.

“குணவதி அக்காவுக்குக் காது எத்தனை மெகாபிட், சார்?”

மதுரநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த நேரத்தில் கிண்டலா? குருவாக இருந்தால் என்ன, எதற்கும் ஒரு இங்கிதம் வேண்டாமா?

“உயிர் போற நேரம்மா. விளையாடாதீங்க.”

அம்மா எழுந்து கை கழுவினார். வாழைப்பூக் கறை போகவில்லை. அப்படியே கம்ப்யூட்டர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். திரையில் பச்சைக் கோடு கால்வாசிகூட வந்திருக்கவில்லை.

அதை அப்படியே நிறுத்தினார்.

“என்னம்மா பண்றீங்க? காலையிலேர்ந்து காத்துக் கிடந்ததெல்லாம் போச்சு.”

அவர் குரல் மடம் முழுக்கக் கேட்டது. அம்மாவிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. பேசியதற்கு வருத்தமும் வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அம்மா அவருடைய போனை எடுத்தார். ஈப்போவுக்குப் போட்டார். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார்.

“அக்கா, தவமணி பேசறேன். மதுரநாயகம் இங்கேர்ந்து போடறார். கேளுங்க.”

அவரைப் பார்த்து டிஸ்க்கில் இருந்த முதல் பேச்சைக் காட்டினார்.

மதுரநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தட்டினார்.

ஒரு இருமல். யாரோ பாயை இழுத்துப் போடும் சத்தம். பிறகு பெரிய சுவாமியின் கரகரத்த குரல்.

“எல்லாரும் சாப்பிட்டாச்சா? சாப்பிடாதவங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. பேச்சு எங்கயும் ஓடிப்போயிடாது.”

எங்கேயாவது திக்கும், எங்கேயாவது நிற்கும் என்று மதுரநாயகம் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார். அதன் சின்ன விளக்கு ஒருமுறை மினுக்கியது. பிறகு அணைந்து கிடந்தது. சுவாமி பேசிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து மறுபடி ஒருமுறை மினுக்கியது. மறுபடி அணைந்தது.

தருவதைத் தந்துவிட்டு அது சும்மா இருந்தது.

“தம்பி.”

போனில் குணவதி அக்கா. மெலிந்த குரல்.

“நிப்பாட்டுங்க தம்பி.”

அவர் பதறி நிறுத்தினார். “என்னக்கா, சரியாக் கேக்கலையா? லைன் விட்டு விட்டு வருதா?”

“நல்லாக் கேக்குது.”

மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. அவர் காத்திருந்தார்.

“ரொம்ப வேகமாப் போவுது. கொஞ்சம் இருங்க.”