மண்புழுவின் கடைசிக் கண்

தண்ணீரும் புழுவும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், உலகத்திலேயே அதிகக் கண்கள் மண்புழுவுக்குத்தான் இருந்தன. உடம்பின் வளையத்துக்கு ஒரு கண். விடியும் நேரத்தில் அது பாறைமேல் ஏறி நீட்டிப் படுத்துக்கொள்ளும். அத்தனை கண்ணிலும் ஒரே சமயத்தில் சூரியன் உதிக்கும். தினமும் பார்த்தும் அதற்கு அலுக்கவில்லை.

இவ்வளவு கண் இருந்தால் கேட்க ஆள் வராமல் இருக்குமா? முதலில் தென்னை வந்தது. "என்ற பிள்ளைக்கு ஓட்டை விட்டு வெளியே வர வழி தெரியறதில்லீங்" என்று அழுதது. தேங்காய்க்கு மூன்று கண் கிடைத்தது. பெரிய மீனைப் பிடித்துச் சின்ன மீனை விட்டுவிட வலை கேட்டது. தவிட்டையும் மாவையும் பிரிக்கச் சல்லடை கேட்டது. வாங்கிக்கொண்டதும் எல்லாம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன. மயில் மட்டும் காரணம் தேடவில்லை.

"வெச்சுக்கிட்டா அழகா இருக்குமுங்க்கா" என்றது.

மண்புழுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோகை நிறைய அள்ளிக் கொடுத்தது.

ஒருநாள் தன்னைத் தடவிப் பார்த்தால் தலைப்பக்கம் ஒரே ஒரு கண்தான் மிச்சம். மண்புழு பயந்துபோனது. விடியலைப் பார்க்க ஒன்றாவது வேண்டுமே. இனி யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தது.

அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. காய்ந்த ஆற்று மணலில் பாவாயி என்ற பெண் கொட்டாங்கச்சியால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு தோண்டியும் ஈரம் தட்டவில்லை. பழைய சேலையில் கிடத்தியிருந்த அவள் குழந்தை அழுவதைக்கூட நிறுத்திவிட்டது.

"பார்த்துத் தோண்டு அம்மிணி. நான் இருக்கேன் இங்கே" என்றது மண்புழு.

பாவாயி கையை நிறுத்தினாள். "மண்ணுக்குள்ளே போய் வர்றவ நீ. தண்ணி எங்கேன்னு பார்த்துட்டு வந்து சொல்லேன். உன்ற கண்ணைக் கேட்கலே. பயப்படாதே."

மண்புழுவுக்கு வெட்கமாகிவிட்டது. "இரு, வர்றேன்" என்று உள்ளே இறங்கியது.

மணல் முடிந்து களிமண் வந்தது. களிமண் முடிந்து பாறை வந்தது. பாறையில் ஒரு விரிசல். அதில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. இருட்டிலும் பார்க்கிற கண் அது. விரிசல் முடிந்த இடத்தில் அந்தக் கண் இமைக்க மறந்தது.

கீழே தண்ணீர் இருந்தது. ஒரு மலை கரைந்து படுத்திருந்தது போல, கரையே தெரியாமல் கிடந்தது. அது மூச்சு விட்டது. மெல்ல எழும்பும், பாறையில் முட்டும், திரும்பிவிடும். முட்டும்போதெல்லாம் பூமியே அதிர்ந்தது. மண்புழு தன்னை ஒரு நூல் துண்டு என்று உணர்ந்தது.

"யாரது?" என்று கேட்டது தண்ணீர்.

"மண்புழுங்க. மேலே ஒரு குழந்தை தாகத்தில் கிடக்குது. நீங்க ஏன் இங்கேயே இருக்கறீங்க?"

"வேணும்னேவா இருக்கேன்? மழை என்னை இங்கே விட்டுட்டுப் போன நாள்லருந்து மேலே எதுன்னு தேடறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லு."

"என்ற பின்னாலேயே வாங்க."

தண்ணீர் வந்தது. விரிசலைத் தாண்டி எங்கோ போய் முட்டிக்கொண்டது. மறுபடியும் கூப்பிட்டது மண்புழு. மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவை தண்ணீர் ஓய்ந்துவிட்டது.

"நீ போ தாயி. உன்னைப் பார்க்க முடிஞ்சாத்தானே பின்னாலே வர்றதுக்கு" என்றது.

அது கண்ணைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கும் மண்புழு.

பாறைமேல் விழும் வெயிலை மண்புழு நினைத்துக்கொண்டது. அழுகையை நிறுத்திவிட்ட குழந்தையையும் நினைத்துக்கொண்டது. அப்புறம் கேட்டது: "நீங்க விடியலைப் பார்த்திருக்கீங்களா?"

"அப்படின்னா?"

"போய்ப் பாருங்க."

மண்புழு தன் கடைசிக் கண்ணை எடுத்துத் தண்ணீரின் நெற்றியில் வைத்தது.

இருட்டு. பிறகு பெரும் சத்தம். வழி தெரிந்துவிட்ட தண்ணீர் விரிசலில் ஏறியது. பாறை, களிமண், மணல் என்று எல்லாவற்றையும் கடந்து, நூல் துண்டான மண்புழுவையும் தூக்கிக்கொண்டு ஏறியது.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பாவாயியின் குழிக்குள் மணல் அசைந்தது. இமை விலகுவது போல வட்டமாக விலகியது. குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. அவள் அள்ளிக் குழந்தையின் உதட்டில் விட்டாள். ஒரு மிடறு இறங்கியது. இன்னொரு மிடறு. குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த அழுகையை, தண்ணீரோடு மேலே வந்து அவளுடைய கொட்டாங்கச்சிக்குள் ஒதுங்கிய மண்புழு கேட்டது. "விடிஞ்சிருச்சா அம்மிணி?"

"இப்பத்தான் ஏறுது."

"தண்ணி பார்க்குதா?"

பாவாயி குனிந்து பார்த்தாள். சின்னக் குழிதான். ஆனால் அதற்குள் அவ்வளவு பெரிய சூரியன் முழுசாக இருந்தது.

"பார்க்குது" என்றாள். மண்புழுவின் தலையில் கண் இருந்த இடத்தை விரல் நுனியால் தொட்டாள். என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கையில் ஏந்தி ஈர மணலில் விட்டாள். "போயிட்டு வா, கண்ணு."

அன்று முதல்தான் நீர் பிறக்கும் இடம் ஊற்றுக்கண் ஆனது. மழை வந்தால் மண்புழு மேலே ஏறி, தன் கண் வந்திருக்கிறதா என்று தண்ணீரைத் துழாவுவதும், கொங்குப் பக்கம் நெஞ்சுக்கு நெருங்கியவர்களை எல்லாரும் "கண்ணு" என்று கூப்பிடுவதும் அன்று முதல்தான்.