கருடன் கண்ணுக்குத் தப்பிய பத்து இலக்கம்

திருச்சியில் இணையதளம் செய்து கொடுக்கும் அந்த ஆபீசில் ஞானசெல்வம் வாயைத் திறந்தால் மின்விசிறிகூட நின்று கேட்கும். அன்று கருடன் புராணம் பாடிக்கொண்டிருந்தான். கருடன் என்பது அவன் கொண்டுவந்த சோதனைக் கருவி. தளத்தில் தப்பு இருந்தால் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லிவிடுமாம். அது நிலைத்தால் லீமா ரோஸுக்கு வேலை போச்சு. ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்த்து, கையால் தட்டிச் சரிபார்ப்பவள் அவள்தான். காலையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தளத்தை அவளிடம் காட்டாமலே, கருடன் பேச்சை நம்பித் திறந்துவிட்டிருந்தார்கள்.

"நூத்துக்கு நூறு சார்!" என்றான் முதலாளி சிதம்பரநாதனிடம். "ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போனேன். டீ ஆறுறதுக்குள்ள நம்ம தளத்தை முடிச்சு, எதிர்த்த ஜவுளிக்கடை தளத்தையும் பாத்து வச்சிருக்கு. சும்மா இருக்கப் பிடிக்கலையாம்."

"அதுவா சொல்லுச்சு?"

"முகத்தைப் பாத்தாலே தெரியும் சார்."

அவன் போன் அடித்தது. கட் பண்ணினான். "அமெரிக்காக்காரன். கருடனைக் குடுன்னு உயிரை எடுக்கிறான்."

கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். "இங்க கோடு எழுதிட்டிருந்த நம்ம டெனிஸ் ஒரு பக்கம் எழுதலாமான்னு யோசிச்சான். யோசிச்சான், அவ்வளவுதான்! 'பதினேழாவது வரியில தப்பு வரும்'னு கருடன் மெயில் அனுப்பிருச்சு. பயந்து வேலையை விட்டுட்டான்."

"கல்யாணம் ஆகி கனடாவுக்குல்ல போனாரு?" என்றாள் லீமா.

"ஏன் அவ்வளவு தூரம் ஓடினான்னு நினைக்கிறீங்க மேடம்?"

மறுபடி போன். மறுபடி கட். "ஜப்பான்காரன்."

"இதைக் கேளுங்க சார். என் மச்சினன் கல்யாணப் பத்திரிகையை இணையத்துல போட்டோம். 'ஒரு லிங்க் அறுந்திருக்கு'ன்னுச்சு கருடன். அடுத்த வாரமே பொண்ணு வேற ஒருத்தன்கூட ஓடிருச்சு!"

முதலாளி மூக்கின் மேல் விரல் வைத்தார். லீமா அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் நம்பிவிடுவார் போலிருக்கிறதே!

ஆஸ்பத்திரித் தளத்தைத் தன் போனில் திறந்தாள். மேலே சிவப்புப் பட்டை. 'குழந்தைக்கு மூச்சுத் திணறலா? உடனே அழையுங்கள்.' பக்கத்தில் ஒரு போன் நம்பர். அதைத் தொட்டாள்.

ஞானசெல்வத்தின் சட்டைப் பை அலறியது.

தளம் கட்டும்போது, வாடிக்கையாளரின் நம்பர் வந்து சேரும்வரை இடம் காலியாக இருக்கக் கூடாதென்று தன் நம்பரைப் போட்டுவைப்பது அவன் வழக்கம். இந்தத் தடவை மாற்ற மறந்திருந்தான்.

"பத்து இலக்கம் சரியா இருந்துச்சே..." என்றான் ஞானசெல்வம்.

"கருடன் எண்ணிப் பாக்கும். போன் அடிச்சுப் பாக்காது," என்றாள் லீமா.

முதலாளி முகம் வெளுத்துப்போயிற்று. "காலையிலேர்ந்து எத்தனை போனைய்யா கட் பண்ணினே?"

"பதினொண்ணு சார்."

லீமா தன் போனை அணைத்து மேஜையில் வைத்தாள். அவன் போன் மறுபடி அடித்தது.

ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த சரியான நம்பரை ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் தள்ளினாள்.

"எடுங்க சார். அமெரிக்காவுல யாரோ குழந்தைக்கு மூச்சு முட்டுதாம்."