மூன்று கண் பொத்தான்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்திலே, வாகையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் பொன்னரும்பு, சிட்டு என்று அக்கா தங்கை இருவர். தாய் தகப்பன் இல்லை. ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்துத்தான் இருவருக்கும் கஞ்சி.

தைத்து முடித்தாலும் பொன்னரும்புக்கு வேலை ஓயாது. சந்தை கலைந்ததும் கூடையோடு குனிந்தபடியே நடப்பாள். அறுந்த கொக்கி, உதிர்ந்த பாசிமணி, சாண் நீள நூல், எவர் சட்டையிலிருந்தோ விழுந்த பொத்தான், எல்லாம் வீட்டுக்கு வரும். ஊசிக்கு மூங்கில் குழாய். துருப்பிடிக்காமலிருக்க உள்ளே உமிச்சாம்பல். நூல் சுற்றப் பனையோலை நறுக்கு. பொத்தானுக்குக் கொட்டாங்கச்சி, நிறத்துக்கு ஒன்று. எதோடும் சேராத பொத்தான்களுக்கு மட்டும் ஒரு சுரைக்குடுக்கை.

"அக்கா, நாம இருக்கிறது வீடா, குப்பைமேடா?" என்று சிரிப்பாள் சிட்டு. அவள் சிரித்தால் கூரையே குலுங்கும்.

ஒருநாள் அவள் குடுக்கையைக் கவிழ்த்து ஒரு சங்குப் பொத்தானை எடுத்தாள். "இதைப் பாரு. ஊர்ல இருக்கிற பொத்தானுக்கெல்லாம் ரெண்டு கண்ணு, இல்லாட்டி நாலு கண்ணு. இதுக்கு மூணு. கொட்டாங்கச்சி பெத்த பிள்ளை மாதிரி. வீசிரட்டுமா?"

"இருக்கட்டும்டி. தொலைச்சவங்க தேடி வருவாங்க."

"ஆத்து மணல்ல கிடந்தது இது. மீனா தேடி வரும், சட்டை போட்டுக்கிட்டு?"

"வரட்டுமே. மீனுக்கும் தைச்சுக் கொடுப்பேன்."

அந்த மார்கழியில் கூதல்ராயன் வந்தான்.

கூதல்ராயன் யார்? மலையுச்சியில் இருந்த மாயக்காரன். தரை தொடும் அங்கி போட்டிருப்பான். அந்த அங்கி நெஞ்சில் மட்டும் மூடாது. அந்தச் சந்து வழியே உலகத்துக் குளிரெல்லாம் அவனுக்குள் போகும். கதகதப்பான மனிதர் எவரைக் கண்டாலும் விரலைச் சொடுக்குவான். அவர் பொத்தானாகிவிடுவார். நெஞ்சில் வைத்துத் தைத்துப் பார்ப்பான். நிற்காது. அதைக் கீழே இறக்கித் தைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடுவான். அப்படியே அங்கி முழுக்கப் பொத்தான்.

ஆற்றில் தண்ணீர் மொண்டபடி சிட்டு எதற்கோ சிரித்தாள். "இந்தச் சிரிப்பு கதகதப்பா இருக்கே" என்றான் அவன். சொடுக்கினான். ஒரு மஞ்சள் பொத்தான் குடத்துக்குள் டங்கென்று விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டான்.

துறையில் துணி துவைத்தவர்கள் ஓடிவந்து சொன்னார்கள். பொன்னரும்பு குழாய், நறுக்கு, குடுக்கை, கத்தரி, குண்டூசி எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள்.

அந்தக் காலத்தில் கத்தரிக்கும் வாய் இருந்தது என்பார்கள். இப்போதும் இருக்கிறது, பேசுவதுதான் இல்லை. மூட்டைக்குள்ளிருந்து கத்தரி சொன்னது: "அங்கியை வெட்டிரு." குண்டூசி சொன்னது: "அவனைக் குத்திரு." நூல் மெதுவாகச் சொன்னது: "எங்க கிழிஞ்சிருக்குன்னு முதல்ல பாரு."

"இருக்கட்டும். போய்ப் பார்ப்போம்" என்றாள் பொன்னரும்பு.

குகையில் கூதல்ராயன் குளிரில் விறைத்த விரல்களால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பொத்தான் அவன் நெஞ்சருகே இருந்தது. ஊசியை இறக்கினான். "ஸ்" என்று கையை உதறினான்.

"குத்தத்தான் செய்யும்" என்றாள் பொன்னரும்பு. "உடம்புல கிடக்கிற துணியில யாராவது ஊசி போடுவாங்களா, ஐயா?"

"யார் நீ?"

"தையல்காரி. உங்க கையில இருக்கிறவளுக்கு அக்கா. அங்கியைக் கழட்டிக் கொடுங்க, நான் தைச்சுத் தாரேன். மூடிருச்சுன்னா என் தங்கச்சியைக் கொடுத்துரணும்."

"கழட்டினா விறைச்சுச் செத்துருவேன்."

அவள் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினாள். தன் கம்பளியை எடுத்து நீட்டினாள். அவன் அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு சிட்டுவை உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டு, மறு கையால் அங்கியைக் கழற்றிக் கொடுத்தான். அங்கிக்குள் இருந்தவன் மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். நெஞ்செல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"அங்கி இல்லாதவனுக்கு மந்திரம் ஏது? வெட்டு" என்றது கத்தரி.

"குத்து" என்றது குண்டூசி.

"பாரு" என்றது நூல்.

பொன்னரும்பு பார்த்தாள். நெஞ்சுப் பக்கத்தில் துணியோடு ஒட்டிக்கொண்டு பழைய நூலின் மிச்சம் இருந்தது. இரண்டு இடத்தில் இல்லை, நான்கு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில்.

"ஐயா, இங்க இருந்த பொத்தான் எங்க போச்சு?"

"இளவட்டமா இருக்கையில ஆத்தைக் கடந்தேன். வெள்ளம் இழுத்துட்டுப் போயிருச்சு. என்னைப் பெத்தவ சங்கைத் தேய்ச்சுப் பண்ணினது. அன்னைக்கு ஏறின குளிர்தான்."

"தேடலையா?"

"தொலைஞ்ச பொத்தானை யாரு எடுத்து வெச்சிருக்கப் போறா?"

பொன்னரும்பு சுரைக்குடுக்கையைக் கவிழ்த்தாள். மூன்று கண்ணும் அவனைப் பார்த்தன. அவன் ஒரு விரலால் அந்தக் கண்களை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

பொத்தானுக்கு அடியில் ஓர் ஈர்க்குச்சியை வைத்துத் தைத்தாள். தைத்ததும் குச்சியை உருவினாள். அது விட்டுப்போன இடைவெளியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து கட்டினாள். "இறுக்கிப் பிடிச்சா அறுந்துரும். கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தா கூடவே இருக்கும்" என்று சொல்லி அங்கியைப் போட்டுவிட்டாள்.

நெஞ்சு மூடியது. குளிர் நின்றது. கூதல்ராயன் குழந்தை மாதிரி அழுதான். அழுகையில் அவன் தோள் குலுங்கக் குலுங்க மற்றப் பொத்தான்கள் படபடவென்று உதிர்ந்தன. உதிர்ந்த இடத்திலெல்லாம் மனிதர்கள் எழுந்தார்கள். எழுந்த எண்ணெய்ச் செட்டியார் முதல் வேலையாகத் தன் செருப்பைத் தேடினார்.

அவன் கையை விரித்தான். சிட்டு தரையில் நின்றாள்.

"அக்கா, குடம் எங்க?"

"வா, போற வழியில எடுத்துக்கலாம்" என்று சொன்ன பொன்னரும்பு, அப்போதுதான் அழுதாள்.

கூதல்ராயன் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். கம்பளியைத் திருப்பி நீட்டினான். "வெச்சுக்குங்க, கீழ வர்ற வரைக்கும் வழியில வேண்டியிருக்கும்" என்றாள் அவள். அவனும் அவர்களோடு இறங்கி வந்தான். அன்றிலிருந்து அந்த ஆற்றில் ஆளை அக்கரை சேர்க்கிற பரிசல்காரன் அவன்தான்.

விடுபட்டவர்களில் ஒருவர் மாரப்ப ஆசாரி. பொன்னரும்புக்கு வாகைப் பலகையில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஊசிக்கு, நூலுக்கு, கொக்கிக்கு, பாசிமணிக்கு என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. நிரப்பிய பிறகு ஓர் அறை மிச்சம்.

"இதுல எதை வைக்கிறது?" என்றாள் பொன்னரும்பு.

"இருக்கட்டும்" என்றாள் சிட்டு. "தொலைச்சவங்க தேடி வருவாங்க." கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவர்கள் அங்கே சுகம், நாம் இங்கே சுகம். எழுந்து போகுமுன் உங்கள் சட்டைப் பொத்தானை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.