விழுந்தது என்ற சொல்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலில் கிடப்பதற்கும் வெகுகாலம் முன்னால், கூடலங்கரை என்றொரு மதில் சூழ்ந்த நகரம் இருந்தது. காட்டை அழித்து ஊர் கட்டுவதுதான் வழக்கம். அந்த ஊரைக் கட்டியவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். நடுவில் ஒரு காட்டை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தெருக்களை அமைத்தார்கள். அந்தக் காடு இருந்ததால்தான் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஊறியது.

காட்டை ஊரே காத்தது. தை மாதம் வேலி கட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வரும். கோடையில் மரக்கன்றுகளுக்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் வரும். காவலுக்குத் தெருத்தெருவாக முறை வைத்திருந்தார்கள்.

சட்டம் ஒன்றே ஒன்று. தானாக விழுந்த மரத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நிற்கிற மரம் பட்டுப்போயிருந்தாலும் தொடக்கூடாது. விழுந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஊர் கூடி ஓர் ஆளை வைத்திருந்தது. அந்த ஆளுக்கு மரச்சொல்லி என்று பெயர். மரச்சொல்லி வந்து பார்த்து “விழுந்தது” என்று சொன்ன பிறகுதான் கோடாலி உள்ளே போகலாம்.

அப்போது மரச்சொல்லியாக இருந்தவள் மருதி. சொந்தத் தம்பி கலப்பைக்கு மரம் கேட்டு வந்தபோதே, “நிக்குதுடா, போ” என்று அனுப்பியவள்.

ஓர் ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை. செக்காட்டும் காரியின் ஆறு வயது மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். சிதையடுக்க ஊரில் நனையாத விறகு ஒன்றுகூட இல்லை. காரி நனைந்தபடி மருதியின் வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, ரெண்டு நாளா பிள்ளைய வீட்லயே வச்சிருக்கேன். அந்தப் பட்ட வாகை மேல நனைஞ்சாலும் உள்ள காஞ்சிருக்கும். நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா.”

மருதி போய்ப் பார்த்தாள். வாகை நிமிர்ந்து நின்றது. காரி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “விழுந்தது” என்றாள்.

அதைப் பெரிய பாவமென்று அன்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கமாட்டேன். உங்களில் பிள்ளை பெற்றவர்களும் நினைக்கமாட்டீர்கள்.

அடுத்த மாதம் குயவன் பூதன் வந்தான். சூளை வேக விறகில்லை என்றான். “காரிக்குச் சொன்னியே, எனக்குச் சொல்லமாட்டியா?” மருதி அவனோடு காட்டுக்குப் போனாள். பாதி பட்ட ஒரு புங்கமரத்தைப் பார்த்து, “விழுந்தது” என்றாள்.

அதற்கடுத்த மாதம் வணிகன் சாத்தன் வந்தான். புது வீட்டுக்குக் கதவு செய்ய வேண்டுமாம். “காரிக்குச் சொன்னே, பூதனுக்குச் சொன்னே. நான் மட்டும் இந்த ஊர்க்காரன் இல்லையா?” பச்சைப்பசேல் என்று தழைத்து நின்ற வேங்கையைப் பார்த்து, “விழுந்தது” என்றாள்.

பிறகு கேட்க வேண்டுமா? ஊரே வரிசையில் வந்தது. கிளையில் கிளி கத்திக்கொண்டிருக்கும், கீழே நின்று எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆமாம் விழுந்ததுதான் என்று. இத்தனைக்கும் நடுவில் தை மாத வேலியை மட்டும் ஒரு வருஷம்கூடத் தவறவிடவில்லை. அவ்வளவு பொறுப்பான ஊர்.

ஏழாம் வருஷம் கிணறுகள் வற்றின. குழந்தைகள் காலிக் குடத்தோடு நின்றார்கள். செய்தி கேட்டு அரசன் வந்தான். வேலிக்குள் எட்டிப் பார்த்தான். வெறும் அடிக்கட்டைகள்.

“மரங்கள் எங்கே?” என்று கேட்டான்.

“தானா விழுந்துடுச்சு, அரசே” என்றது ஊர்.

“புயல் வந்ததா?” இல்லை என்றார்கள். “வெள்ளம் வந்ததா?” இல்லை என்றார்கள். “கறையான் அரித்ததா?” அதுவும் இல்லை என்றார்கள்.

“அப்படியானால் எந்தக் காற்றில் விழுந்தன இத்தனை மரங்கள்?”

மருதி முன்னால் வந்தாள்.

“என் வாய்க்காத்துலதான் அரசே. நின்ன மரத்தை விழுந்ததுன்னு சொன்னேன்.”

“யார் கேட்டுச் சொன்னாய்?”

“யார் கேட்டா என்ன அரசே, சொன்ன வாய் என்னுது.”

அரசன் ஊரைப் பார்த்தான். “இவளிடம் கேட்டு வாங்கியவர் யார்?” என்றான். மௌனம். இரண்டாம் முறை கேட்டான். மௌனம். மூன்றாம் முறை கேட்டான். பூதன் குனிந்துகொண்டான். சாத்தன் குனிந்துகொண்டான். காரியும் குனிந்துகொண்டான்.

ஒப்புக்கொண்டவளுக்குத்தான் தண்டனை. அன்றே மருதி மதிலைத் தாண்டி வெளியே போனாள். எத்தனை முறை இந்தக் கதையைச் சொன்னாலும், இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வெட்கப்பட்ட ஊர் மறுபடி கன்று நட்டது. தொலைவில் இருந்த ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது. மூன்றாம் வருஷம் கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்தன. ஒருநாள் காலையில் அவற்றில் ஒன்று சாய்ந்து கிடந்தது. காற்று என்றான் ஒருவன். ஆடு என்றான் இன்னொருவன். நீதான் ஒடித்தாய் என்று அவன்மீதே பாய்ந்தான் மூன்றாமவன். பார்த்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. அந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும் பின்வாங்கினார்கள். ஒருவர் சொல்லை இன்னொருவர் நம்பவும் இல்லை.

கடைசியில், மருதியையே அழைத்து வரக் காரி புறப்பட்டான். நாலு நாள் நடந்து அவள் குடியேறிய ஊரைக் கண்டுபிடித்தான். போன சித்திரையில் அவள் இறந்துவிட்டாள் என்றார்கள். “எங்க ஊர்ல எந்த வழக்குன்னாலும் அந்த அம்மா சொன்னா அதுதான் முடிவு” என்றார்கள்.

காரி திரும்பி வந்தபோது ஊர் வேலியருகே காத்திருந்தது. “வர்றாளா?” என்று கேட்டார்கள்.

“மொத மரத்தை நான்தான் கேட்டு வாங்கினேன்” என்றான் காரி.

அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

பிள்ளைகளே, பெரியவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: எல்லோரும் தெரிந்தே தலையாட்டிய ஒரு பொய், எல்லோருக்கும் சொந்தமானதை அழித்துவிடும்.