வெயில் அடித்த நாளின் புயல்

மலைமேல் ஒரு குரு இருந்தார். காவி, கமண்டலம் எதுவும் கிடையாது. பாழடைந்த பங்களாக்களையும் அவற்றில் உலவும் ஆவிகளையும் வைத்து நாவல் எழுதிப் பிழைப்பவர். பெயர் அருளப்பன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து அவரிடம் எழுதக் கற்றுக்கொண்டவர் குமுதவல்லி. சிஷ்யைக்கு ஐம்பது வயது. குருவைவிட நாலு வயது மூத்தவர்.

அன்று குமுதவல்லி கொண்டுவந்தது தன் நாவலின் கடைசி அத்தியாயம். ஜமீன் பங்களாவின் மருமகளை மாமியார் கிணற்றில் தள்ளுகிற இடம். வெளியே பனி மூடியிருந்ததால் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு அருளப்பன் படித்தார். கையில் பென்சில் வைத்திருந்தார்.

'காற்று ஊளையிட்டது. ஓலமிட்டது. ஒப்பாரி வைத்தது. மின்னல் வெட்ட வெட்ட, சுவரில் இருந்த முன்னோர் படங்கள் கண் திறந்து பார்த்தன.'

“இந்த ஒரு பக்கத்துல இருக்கிற மின்னலை வெச்சு ஒரு மாசம் கரண்ட் பில் கட்டாம ஓட்டிடலாம்மா” என்றார்.

சிஷ்யை சிரிக்கவில்லை.

“ஊளை, ஓலம், ஒப்பாரி. ஏதாவது ஒண்ணு போதாதா?”

“போதாது சார்.”

குமுதவல்லி இதுவரை அவரை மறுத்துப் பேசியதே இல்லை. அருளப்பன் பென்சிலால் ஒப்பாரியை அடித்தார். ஓலத்தை அடித்தார். கண் திறந்த படங்கள், தானாக அடித்துக்கொண்ட பூஜை மணி, வேரோடு ஆடிய புளியமரம் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார். மிஞ்சியது நாலைந்து வரிதான். கடைசி வரியில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.

'விடிந்தபோது பங்களா அப்படியே நின்றுகொண்டிருந்தது.'

“நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இது ஒரு வியாதி. கதையில எவனாவது கெட்டது செய்யப் போனா உடனே இடி இடிச்சாகணும். நெஜத்துல வானத்துக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.”

அவருடைய முதல் நாவலில் முதல் பக்கத்தில் தொடங்கிய மழை கடைசிப் பக்கம்வரை விடவில்லை. அதைச் சொல்லிக் காட்ட குமுதவல்லிக்கு மனசு வரவில்லை.

“வானத்துக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்?”

“என் தங்கச்சி பவளம், கட்டிக்கொடுத்த வீட்டுக் கிணத்துல கெடந்தா. தவறி விழுந்துட்டான்னு அவ மாமியா சொன்னாங்க. எங்கப்பா சரின்னார். நானும் சரின்னேன்.”

“அன்னிக்கு மழையா?”

“நல்ல வெயில். காலையில அவ தோய்ச்சுப் போட்ட துணியெல்லாம் கொடியில மொடமொடன்னு காஞ்சிருந்துது. மாமியா அதை எடுத்து மடிச்சு வெச்சாங்க. அப்புறம் எங்களுக்குக் காப்பி குடுத்தாங்க. குடிச்சோம்.”

அருளப்பன் பென்சிலைக் கீழே வைத்தார். இத்தனை பேய்களை எழுதியவருக்கு, ஒரு கொடித் துணியைக் கேட்டு உடம்பு சில்லிட்டது. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை.

“அப்ப அதையே எழுதுங்கம்மா. அந்த வெயில், அந்தத் துணி, அந்தக் காப்பி. படிக்கிறவன் நடுங்கிப் போயிடுவான். புயல் எதுக்கு?”

“எழுதிப் பாத்தேன் சார். அன்னிக்கு நடந்த மாதிரியே வந்துது. அன்னிக்கும் யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. எழுதுறப்பவும் கேக்கலை.”

குமுதவல்லி அழுதார். சத்தமில்லாமல்தான் அழுதார். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள் போல.

“அவளுக்காக ஒரு ஆள்கூடக் கத்தலை சார். வானமாவது கத்தட்டுமேன்னுதான் எழுதினேன்.”

வெளியே பனி ஜன்னல்வரை வந்திருந்தது. இலைகூட அசையவில்லை.

அருளப்பன் மேசை இழுப்பறையைத் திறந்து ரப்பரைத் தேடி எடுத்தார். தான் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஒப்பாரி திரும்பி வந்தது. ஓலம் வந்தது. படங்கள் மறுபடியும் கண் திறந்தன. மணியும் புளியமரமும் வந்தன. தாளில் கிடந்த தூளை ஊதித் தள்ளிவிட்டு, கடைசி வரிக்கு வந்து நின்றார். அதன் கீழே மட்டும் ஒரு கோடு போட்டார். தாளைக் குமுதவல்லியின் பக்கம் திருப்பி நகர்த்தினார்.

“இவ்வளவு புயல் அடிச்சிருக்கு. அந்த வீடு மட்டும் ஏம்மா இன்னும் நிக்குது?”